கார்டு வண்டியில் இடம் இருந்தது

1

நம் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நாலு பக்கம் எழுதி அனுப்பும்படி ஆசிரியர் கேட்டிருக்கிறார். “நம் காஞ்சிபுரத்துப் பிள்ளை சீமையில் நடக்க முடியாதவர்களுக்கென்று பழைய ரயில் பெட்டி ஒன்றை மாற்றிக் கட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டோம். அதைப் பற்றி எழுதுங்கள். போட்டோ இருந்தால் நல்லது. இளைஞர்களுக்கு ஊக்கமாக இருக்கும்” என்று எழுதியிருக்கிறார். யாருக்கும் ஊக்கம் கொடுக்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது. ஏன் கிடையாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். துணிச்சல் இருந்தால் ஆசிரியர் அச்சுக்குக் கொடுக்கட்டும்.

என் பெயர் ஏகாம்பரம். பெரிய காஞ்சிபுரத்தில் நெசவு வீட்டில் பிறந்தவன். தறியில் உட்காரப் பிடிக்காமல் தச்சு கற்றுக்கொண்டு, பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தவன். வடக்கே ஒரு சின்ன ஊரில் பஸ்ஸுக்கு மேல்கூடு கட்டும் பட்டறையில் வேலை. மனைவி மல்லிகாவும் நம் ஊர்தான், பிள்ளையார்பாளையம். குமார் என்று எட்டு வயதில் ஒரு பையன். காலையில் போய் மாலையில் திரும்பி, கோட்டைக் கழற்றி மாட்டி, உருளைக்கிழங்கு சாம்பார் சாப்பிட்டுத் தூங்குகிற பிழைப்பு. இதில் எழுத ஒன்றும் இல்லை.

ஊரில் எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். அம்சா. மூன்று வயதில் காய்ச்சல் வந்து இரண்டு காலும் சூம்பிப் போயின. இப்போது அவளுக்கு இருபத்தொன்பது. கம்பி மாட்டிக்கொண்டு, கோல் ஊன்றியாவது அவள் நடந்திருக்கலாம். நடக்காமல் போனதற்கு நான் காரணம். இது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாமலே இருந்தது. இரண்டு மாதம் முன்பு வரைக்கும் அவளுக்கே தெரியாது.

2

இங்கே சனிக்கிழமை வந்தால் ஆண்களுக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். லாபம் இல்லை என்று அரசாங்கம் மூடிவிட்ட ரயில் பாதையை இவர்கள் சங்கம் வைத்து எடுத்துக்கொண்டு, கரி இஞ்சினைத் துடைத்துத் துடைத்து ஏழு மைல் ஓட்டுகிறார்கள். ஒரு வேலைக்கும் உதவாத ரயில். போய்விட்டுத் திரும்பி வந்து டீ குடிப்பார்கள். டாக்டரும் வக்கீலும் கூலி இல்லாமல் கரி அள்ளிப் போட்டுவிட்டு முகத்தில் கரியை அப்பிக்கொண்டு நிற்பார்கள். தச்சு தெரிந்தவன் என்று பட்டறைக்காரர் ஒருவர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வீட்டில் இருந்தால் குமார் டெலிவிஷனைப் பார்த்தபடி நான் தமிழில் கேட்பதற்கெல்லாம் இங்கிலீஷில் முதுகைக் காட்டிக்கொண்டு பதில் சொல்வான். அதற்கு ரயில் தேவலை என்று போக ஆரம்பித்தேன்.

ஒரு பண்ணையில் கோழிக் கொட்டகையாகக் கிடந்த பெட்டி ஒன்றை வாங்கி வந்தார்கள். முதல் உலக யுத்தத்துக்கு முன்னால் செய்தது. நாற்பது வருஷத்துக் கோழி எச்சத்தைச் சுரண்டினால் உள்ளே பர்மா தேக்கு. உளி வைத்தால் இன்னமும் வாசனை வருகிறது. அதைச் சக்கர நாற்காலிக்காரர்கள் ஏறுகிற மாதிரி மாற்றலாம் என்று கமிட்டியில் முடிவானது. மரவேலை முழுக்க என் தலையில் விழுந்தது.

அந்தக் கூட்டத்தில் நான் எழுந்து, ‘நொண்டிகளுக்கான பெட்டி’க்கு எவ்வளவு அகலக் கதவு வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டேன். அகராதியில் பார்த்துக் கற்றுக்கொண்ட சொல்லைத்தான் சொன்னேன். எல்லோர் முகமும் சிவந்துவிட்டது. நம் ஊரில் அம்சாவை நொண்டிச்சி என்று அவள் முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். இங்கே சொல்லைக் கேட்டு முகம் சிவந்த அதே கமிட்டிக்கு ரயில்வே மேற்பார்வை அலுவலகம் ஒன்றிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நாற்காலியோடு ஏறுகிற ஆட்களை இருக்கைக் கணக்கில் சேர்ப்பதா, சரக்கு எடைக் கணக்கில் சேர்ப்பதா என்று கேட்டிருந்தார்கள். அதைப் படித்தபோது யார் முகமும் சிவக்கவில்லை. எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று ஒன்றரை மணி நேரம் பேசினார்கள்.

கதவு ஒவ்வொன்றும் இரண்டடிதான். நடுவில் இரண்டு தடுப்பைப் பிரித்து எடுத்தேன். ஒரு பக்கம் இரட்டைக் கதவு போட்டேன். ஏற்றுப்பலகை ஒன்று மடக்குகிற மாதிரி செய்தேன். சக்கரத்தைத் தரையோடு பிடித்து நிறுத்தக் கொக்கி வைத்தேன். பெட்டிக்குள்ளே போகிற வழியை ஒரு நாற்காலியை வைத்து இரண்டு தடவை அளந்து, இரண்டு பக்கமும் அரை அங்குலம் விட்டு, தேக்கை இழைத்து வார்னிஷ் அடித்தேன். கையால் தடவினால் கண்ணாடி.

ஒத்திகைக்கு டோரத்தி அம்மாள் வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதிலேயே அவருக்கும் போலியோ. நாக்கு கத்தரிக்கோல். ஏற்றுப்பலகையில் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு ஏறி, வழிக்குள் நுழைந்தார். நாலடி போனதும் நின்றுவிட்டார். இரண்டு கை விரல் முட்டியிலும் தோல் உரிந்து, என் வார்னிஷ் மேல் ரத்தம். நாற்காலியை அளந்தேனே தவிர, சக்கரத்தைத் தள்ளுகிற கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

“நாற்காலியை நன்றாக அளந்திருக்கிறாய். காலியாகப் போவதாக இருந்தால் நல்ல வழிதான்” என்றார். நான் துணியைத் தேடி ஓடினேன். “ரத்தத்தை விடு. முப்பது வருஷம் கார்டு வண்டியில் போனவள் நான். சைக்கிள், நாய், பந்தயப் புறாக் கூடை, நடுவில் நான். குளிரில் விறைத்துப் போவேன். ஆனாலும் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன்” என்றார். கார்டு வண்டி என்றால், ரயிலின் கடைசியில் கார்டும் பார்சலும் போகிற பெட்டி. அது என்னவென்று எனக்குத் தெரியும். மறு சனிக்கிழமை வழியை முழுக்கப் பிரித்துப் போட்டேன்.

3

எங்கள் அப்பா கோர்வைச் சேலை நெய்கிறவர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று இருக்கிற சேலைக்கு ஊடு நூலைக் குறுக்கே கொண்டுபோகிற நாடா மூன்று ஓட வேண்டும். நெய்கிறவர் குழியில் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதித்துக்கொண்டு இரண்டு நாடாவைப் பார்த்துக்கொள்வார். வலது பக்கக் கரைக்கு இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து நாடாவை வாங்கிக் கொடுக்க வேண்டும். அதற்குக் காலே வேண்டாம். கையும் கண்ணும் இருந்தால் போதும்.

தெருவில் எல்லோர் வீட்டிலும் கரைக்கு ஆள் கிடைப்பது பெரிய ரோதனை. இன்று வருவான், நாளைக்கு சினிமாவுக்குப் போய்விடுவான், நாளை மறுநாள் வேறு தறிக்காரன் கூப்பிட்டான் என்று ஓடிவிடுவான். எங்கள் வீட்டில் அந்தத் தொல்லை கிடையாது. ஏழு வயதில் அம்சாவைத் தூக்கித் தறியோரப் பலகையில் உட்கார வைத்தார் அப்பா. விடிந்தால் தூக்கி வைப்பார், விளக்கு வைத்தால் இறக்குவார். அம்மா அதற்கு முந்தின வருஷமே காலமாகிவிட்டாள்.

“உங்களுக்கெல்லாம் ஆளு ஓடுது, நிக்குதுன்னு கவலை. எங்க ஆளு ஓடவே மாட்டா” என்று அப்பா வாசலில் நின்று சொல்வார். தெரு சிரிக்கும். அம்சாவும் உள்ளே இருந்தபடி சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

கெட்டிக்காரி அவள். அடுத்த வீட்டு டீச்சரம்மாவிடம் எழுத்துக் கற்றுக்கொண்டாள். பாவு கட்டுகிறபோது எத்தனை இழை அறுந்திருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வாள். டயர்த் துண்டு இரண்டைக் கையில் மாட்டிக்கொண்டு தரையோடு இழுத்து இழுத்துப் பின்கட்டு வரைக்கும் போவாள். எங்கள் வீட்டு வாசற்படி மூன்று. அந்த மூன்று படியைத் தாண்ட வேண்டுமென்றால் யாராவது தூக்க வேண்டும். தேர் என்றால் நான் தூக்குவேன். தேரை இரண்டு தடவை பார்த்திருக்கிறாள்.

4

அவளுக்குப் பதினாறு வயதாகும்போது, ஒரு பள்ளிக்கூடத்தில் கால் வைத்தியர்கள் முகாம் போட்டார்கள். டீச்சரம்மா சொல்லித்தான் தூக்கிக்கொண்டு போனேன். மெட்ராஸிலிருந்து வந்த டாக்டர் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, “நரம்பு சுருங்கியிருக்குது. ஆபரேஷன் பண்ணி, மாவுக்கட்டு போட்டு நிமித்திடலாம். அப்புறம் கம்பி மாட்டிக்கினு கோலு வெச்சி நடக்கும்” என்றார். மூன்று மாதம் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்று சொல்லி, தேதி போட்டு ஒரு சீட்டுக் கொடுத்தார். அம்சா அந்தச் சீட்டை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். வீடு வந்து சேரும் வரைக்கும் வெளியே எடுக்கவே இல்லை.

அப்பா சீட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். “போய் வரட்டும். நான் வேணான்னு சொல்லல. மூணு மாசத்துக்குக் கரைக்கு யாரு உக்காருவா?” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

அதற்குச் சில வாரம் முன்னால்தான் எனக்கு இங்கிலாந்தில் வேலை செய்யலாம் என்று அனுமதிச் சீட்டு வந்திருந்தது. ஆறு மாதத்துக்குள் போய்ச் சேராவிட்டால் செல்லாது. அதில் பாதி நாள் ஏற்கெனவே தபாலிலும் பாஸ்போர்ட் ஆபீஸிலும் போய்விட்டது. அம்சா மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் படுத்தால் நான் அந்தப் பலகையில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறந்து மாட்டேன் என்று சொல்ல தைரியம் இல்லை. “நானே கூட்டிக்கினு போறேன்” என்றேன்.

கருட சேவைக்கு மறுநாள். கூட்டமான கூட்டம். ரிக்‌ஷாவில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய், டிக்கெட் எடுத்து, பிளாட்பாரத்துக் கடைசியில் பார்சல் நிறுக்கிற தராசுப் பக்கம் அவளை உட்கார வைத்தேன். புதுப் பாவாடை. தலையில் மல்லி. அதுவரைக்கும் அவள் ரயிலைச் சத்தமாகத்தான் கேட்டிருந்தாள். செங்கல்பட்டுப் பாசஞ்சர் வந்து நின்றதும் புகையைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெட்டியெல்லாம் மனிதர்கள் தொங்கினார்கள். நான் கடைசிப் பெட்டி வரைக்கும் நடந்து போய்ப் பார்த்தேன். நரைத்த மீசைக் கார்டு ஒருவர் கொடியோடு நின்றுகொண்டிருந்தார். யாரை ஏற்ற வேண்டும் என்று கேட்டார். கையைக் காட்டினேன்.

“அந்தக் கூட்டத்துல ஏத்தாதப்பா, மேல ஏறி மிதிச்சிடுவாங்க. என் வேன்ல ஏத்து. ரெண்டு கூடைய நகத்திட்டா எடம் இருக்குது. நீயும் கூட உக்காந்துக்க. செங்கல்பட்டுல ஆள் வெச்சி நானே எறக்கி வுடுறேன்” என்றார்.

“சரி சார்” என்றேன்.

திரும்பி அம்சாவிடம் நடந்து வந்தேன். ஐம்பது அடி இருக்கும். சொல்லிவிட்டு வந்த ‘சரி’ அந்த ஐம்பது அடியில் மாறிவிட்டது. யோசித்தேன் என்று கூடச் சொல்ல முடியாது. குழியும் பலகையும் கண் முன்னால் வந்தது, அவ்வளவுதான்.

“ஏத்த மாட்டாங்களாம் அம்சா” என்றேன்.

“டிக்கெட்டு எடுத்துட்டமே ண்ணா?”

“எடுத்தாலும் ஏத்தக் கூடாதாம். கால் வராதவங்கள ரயில்ல ஏத்தக் கூடாதுன்னு சட்டமாம்.”

“பிச்சைக்காரங்க ஏர்றாங்கன்னு டீச்சரு சொன்னாங்களே.”

“அவங்க டிக்கெட்டு இல்லாம திருட்டுத்தனமா ஏர்றவங்க. உன்னையும் அந்தக் கும்பல்ல சேத்துக்கச் சொல்றியா?”

தலையைக் குனிந்துகொண்டாள். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன், முகம் கேட் பக்கம் பார்க்கிற மாதிரி. பின்னால் கார்டு “யப்பா, இங்க, இங்க” என்று கூப்பிட்டார். நாங்கள் வருவோம் என்று அவர் கொடியை ஆட்டாமல் வண்டியை நிறுத்தி வைத்திருந்தார். ஜனங்கள் கத்தினார்கள். அப்புறம் விசில் கேட்டது. “யாரையோ கூப்புடறாரு” என்றாள் அம்சா. “நம்மள இல்ல” என்றேன்.

வீட்டில் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. “சர்க்காரே ஏத்த மாட்டேன்னா நாம இன்னா பண்றது” என்று சொல்லிவிட்டு அவளைப் பலகையில் உட்கார வைத்தார். பாவாடையை மாற்றக் கூட விடவில்லை. “பஸ்ஸுல போலாமே” என்று டீச்சரம்மா ஒரு தடவை கேட்டார். அதற்கும் அதே சட்டம்தான் என்றேன். சாமியைத் தோளில் வைத்துக்கொண்டு மைல் கணக்காக ஓடுகிற ஊர், ஒரு பெண்ணைப் படியேற்றக் கூடாது என்று சட்டம் இருப்பதாக நான் சொன்னதை மறு கேள்வி கேட்காமல் நம்பியது. இரண்டு மாதத்தில் நான் விமானம் ஏறினேன். அம்சா வழியனுப்ப வரவில்லை. யார் தூக்கிக்கொண்டு வருவார்கள்?

5

பெட்டியின் வேலை முடிகிற சமயத்தில் குமார் பள்ளிக்கூடத்தில் ‘என் அப்பா’ என்று கட்டுரை எழுதினான். எனக்குக் காட்டவில்லை. என்னிடம் அவன் எதையும் காட்டுவதில்லை. ஒரு நாள் உள்ளூர்ப் பத்திரிகையில் அவன் படமும் கட்டுரையும் வந்திருந்தன. “என் அத்தையால் நடக்க முடியாது. இந்தியாவில் நடக்க முடியாதவர்களை ரயிலில் ஏற்றக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதனால்தான் என் அப்பா அவர்களுக்காக ரயில் செய்கிறார்” என்று எழுதியிருந்தான்.

“உனக்கு யாருடா சொன்னது?” என்று கேட்டேன்.

“அம்மா.”

மல்லிகா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு திரும்பிய பிறகு, விசா வருகிற வரைக்கும் எட்டு மாதம் அவள் என் வீட்டில் அம்சாவோடு இருந்தவள். “அம்சாதான் எனக்குச் சொல்லுச்சி. ஸ்டேஷன்ல இருந்து திருப்பி அனுப்பிட்டாங்கன்னு. ஏன், புள்ள தப்பா எழுதிட்டானா?” என்றாள். இல்லை என்றேன். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். சாப்பிடவும் முடிந்தது.

திறப்பு விழாவில் ரயில் சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்து அதை வரிக்கு வரி படித்தார். இருநூறு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐயோ பாவம் என்கிற பார்வை என் மேலும் என் தேசத்தின் மேலும் சேர்ந்து விழுந்தது. கைதட்டினார்கள். நான் எழுந்து தலை குனிந்தேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

ரயில் கிளம்பும் முன் டோரத்தி அம்மாள் என்னைக் கூப்பிட்டார். “அது எந்தச் சட்டம்? எந்த ஆபீஸ் போட்டது? என் ஆயுள் பூராவும் இந்த மாதிரிச் சட்டங்களோடு மல்லுக்கட்டியவள் நான். விலாசம் கொடு, எழுதுகிறேன்.”

“பழைய சட்டம். இப்போது இருக்கிறதோ என்னவோ” என்றேன்.

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். லண்டனில் இருக்கிற நம் அரசாங்க அலுவலகத்துக்கு எழுதினார். பதில் வரவில்லை என்று மறுபடி எழுதினார். படிவம் ஒன்று வந்தது, அதையும் பூர்த்தி செய்து அனுப்பினார். ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, நான் பெட்டியில் கொக்கிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து மடியிலிருந்த தாளை நீட்டினார். முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. நடக்க இயலாதவர்களை ரயிலில் ஏற்றக் கூடாது என்று சட்டம் எதுவும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று மூன்று வரியில் எழுதியிருந்தார்கள்.

“உன் தங்கையிடம் அப்படிச் சொன்னது யார்?” என்று கேட்டார்.

எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தேன். “நான்” என்றேன். கார்டு சொன்னதையும் நான் சொன்னதையும் சொல்லி முடித்தேன். என் இங்கிலீஷ் அன்றைக்கு எங்கேயும் தடுக்கவில்லை.

அவர் தாளைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டார். “அவளுக்கு நீ எழுது. இரண்டு வாரம் தருகிறேன். அதற்குள் எழுதாவிட்டால் நான் எழுதுவேன், உன் மனைவியைத் தமிழில் எழுதச் சொல்லி அனுப்பி வைப்பேன்” என்றார். “உன் பெட்டி நன்றாக இருக்கிறது. அதில் நான் போவேன். உன்னோடு பேச மாட்டேன்.” அப்புறம் பேசவும் இல்லை. சனிக்கிழமைதோறும் வருகிறார். ஏற்றுப்பலகையை நான் எடுத்துப் போட்டால் ஏறாமல் நிற்கிறார். வேறு ஆள் வந்து போட்டால்தான் ஏறுகிறார்.

வீட்டில் மல்லிகாவிடம் நானே சொன்னேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றபடி கேட்டாள். “எட்டு மாசம் அவ தலைய நான்தான் பின்னி வுட்டேன். ஒவ்வொரு வாட்டி ரயில் சத்தம் கேக்கும்போதும் ‘அதுல என்னை ஏத்த மாட்டாங்க அண்ணி’ன்னு சொல்லும். உங்களுக்கு வந்த லெட்டருங்கள எல்லாம் கரைக்கு நாடா வாங்குற கையாலதானே எழுதுச்சி. எப்படிப் படிச்சீங்க?” என்று கேட்டாள். குமாரைக் கூப்பிட்டு, அவன் எழுதியது பொய் என்றும் அது அவன் பொய் இல்லை என்றும் தமிழில் சொன்னாள். அவன் அன்றைக்கு இங்கிலீஷில் பதில் சொல்லவில்லை. நேரே மாடிக்குப் போய்விட்டான்.

6

அம்சாவுக்கு எழுதினேன். சுற்றி வளைக்காமல் எழுதினேன். கார்டு உன்னை ஏற்றிக்கொள்கிறேன் என்றார், இடம் இருக்கிறது என்றார், உன்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், நான் பலகையில் உட்காரப் பயந்து உன்னைத் திருப்பித் தூக்கி வந்தேன் என்று எழுதினேன். மன்னித்துக்கொள் என்றும் எழுதி, பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். அவளிடம் எதையும் கேட்கிற நிலையில் நான் இல்லை. தபாலில் போட்டுவிட்டு வந்த பிறகு ஏழு வாரம் ஒன்றும் வரவில்லை. தபால்காரர் வருகிற நேரத்துக்கு நான் பட்டறையில் இருப்பேன். மல்லிகா போன் செய்து, “வரல” என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிடுவாள்.

எட்டாவது வாரம் வந்தது. அவள் எழுதியதை அப்படியே இங்கே போடுகிறேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. ஆசிரியரும் மாற்றக் கூடாது.

“அண்ணாவுக்கு அம்சா எழுதிக்கொண்டது. உன் லெட்டர் வந்துது. நாலு வாட்டி படிச்சேன். அப்பாவுக்குப் படிச்சிக் காட்டல. டீச்சரம்மாவுக்குக் காட்டினேன். அவங்களும் படிச்சாங்க. அப்புறம் ‘வா, போலாம்’னு சொன்னாங்க. வெள்ளிக்கிழமை ரிக்‌ஷாக்காரரு என்னைப் படி எறக்கித் தூக்கி வெச்சாரு, ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். வண்டி வந்ததும் முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் ‘எங்கம்மா போவணும்’னு கேட்டுட்டு என்னைத் தூக்கி உள்ள உக்கார வெச்சிட்டாரு. பத்து எண்ணி முடிக்கிறதுக்குள்ள ஏத்திட்டாங்க ண்ணா. ஜன்னல் ஓரமா எடம் கெடச்சிது. வாலாஜாபாத் தாண்டினதும் ஏரி ஒண்ணு தெரிஞ்சிது. தென்னேரியான்னு கேட்டேன், அது வேறன்னு டீச்சரம்மா சொன்னாங்க.

“மெட்ராஸ் ஆஸ்பத்திரியில அந்தப் பழைய சீட்டைக் காட்டினேன். வெச்சிருந்தேன். அந்த டாக்டரு இப்ப இல்லியாம். வேற டாக்டரு படம் எடுத்துப் பாத்தாரு. முட்டி எலும்பு ஒண்ணோட ஒண்ணு கூடிப் போச்சாம். இப்ப இழுத்தா ரத்தக் கொழா தாங்காதாம், காலே போயிடுமாம். பதினாறு வயசுல வந்திருந்தா நிமித்தியிருக்கலாமேம்மா, ஏன் வரலன்னு கேட்டாரு. எங்களை ரயில்ல ஏத்த மாட்டாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தோம் சார்னு சொன்னேன். டாக்டரு சிரிச்சிட்டாரு. நர்சம்மாங்களும் சிரிச்சாங்க. கெட்ட மனசோட சிரிக்கல, அவங்களுக்கு அடக்க முடியல. பட்டிக்காட்டுப் பொண்ணுன்னு நெனச்சிருப்பாங்க. நானும் கூட சேர்ந்து சிரிச்சேன்.

“யாரு சொன்னாங்கன்னு கேட்டாரு. உன் பேரச் சொல்லல. சொன்னா கூடப் பொறந்தவனான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்றதுக்கு எனக்கு வெக்கமா இருந்துது.”

கடிதம் அவ்வளவுதான். முடிவில் எப்போதும் எழுதுவது போல ‘இப்படிக்கு உன் அன்புத் தங்கை’ என்று எழுதவில்லை. பெயர் மட்டும் இருக்கிறது. குமார் அதைப் படிக்க வேண்டும் என்று கேட்டான். அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நான்தான் உட்கார்ந்து படித்துக் காட்டினேன்.